மூன்றாவது தடவை கேட்கட்டும்

செப்டம்பர் 14, சனி

முதுகெலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு டாக்டர் சொன்னார்: "தரையில மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில நுழையிற வேலை இனிமே வேண்டாம். அடுத்த தடவை யாராவது உங்க காலைப் பிடிச்சு வெளிய இழுக்க வேண்டியிருக்கும்."

போன வாரம் அதுதான் நடந்தது என்று மார்லிஸ் அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம். காலைப் பிடித்து இழுத்த மனைவி என்கிற முறையில் சொல்ல உரிமை உண்டாம்.

திரும்பும் வழியில் மார்லிஸ்: "அப்ப ராம்ப்ளரை வித்துடலாம்."

ஆறு வருடமாக என் பழைய ராம்ப்ளர் கார் கேரேஜில் தாங்கிகளின் மேல் நிற்கிறது. கிளட்ச் தேய்ந்து, கியர்பாக்ஸ் கழற்றி, பாதி வேலையில். என் வயதுதான் அதற்கும். அதன் உதிரிப்பாகமாவது கிடைக்கிறது. ஆறு குளிர்காலமாக மார்லிஸின் வண்டி வெளியே. காலையில் அவள் வண்டிக் கண்ணாடி மேல் உறைந்த பனியைச் சுரண்டும் சத்தத்தில்தான் நான் கண் விழிக்கிறேன். வேண்டுமென்றே சத்தமாகச் சுரண்டுகிறாள்.

வாசலில் இறங்கினால் எதிர்வீட்டு வெண்டல் புல் வெட்டிக்கொண்டிருக்கிறான். மார்லிஸ் டாக்டர் சொன்னதை அவனிடமும் ஒப்பித்தாள். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தான்.

"விக்கிறதா இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லுங்க, கான்ராட். எங்கப்பா இதே வண்டிதான் வச்சிருந்தாரு."

வெண்டல் நான் சரித்திரம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். சிகாகோக்காரன். இதற்கு மேல் அவனைப் பற்றி இன்று எழுதினால் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டிவரும்.

உள்ளே போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல், இரண்டு தூண் லிஃப்ட் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன். பட்டறைகளில் காரைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துவார்களே, அது. நான் படுக்கக் கூடாது, அவ்வளவுதானே? வண்டி மேலே போகட்டும்.

மார்லிஸ் காபியைக் கலக்கிக்கொண்டே நிபந்தனை போட்டாள். "நவம்பர் கடைசி, நன்றித் திருநாளுக்குள்ள உன் வண்டி மேல, என் வண்டி கீழ. ரெண்டும் உள்ள. முடியலேன்னா ராம்ப்ளர் வெண்டல் வீட்டுக்குப் போகுது. நானே தள்ளிட்டுப் போவேன்."

"சரி" என்றேன். அவள் தள்ளுவாள். தெரியும்.


செப்டம்பர் 21, சனி

கேரேஜை அளந்தேன். ஒரே வண்டி நிற்கிற அகலம். ஆனால் எனக்கு முன்னால் இருந்தவன் படகு வைத்திருந்தான். கூரை தேவாலயம் மாதிரி உயரம். அந்தப் படகுக்காரன் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம்.

சிக்கல் தரையில். தூண்களை போல்ட் போட்டு கான்கிரீட்டில் இறுக்க வேண்டும். நான்கு அங்குலமாவது கனம் இருக்க வேண்டும் என்று கையேடு தடித்த எழுத்தில் சொல்கிறது. இந்தத் தரையைப் போட்டவன் ஆர்லோ. மார்லிஸின் தம்பி. கான்கிரீட்தான் அவன் பிழைப்பு. வீடு வாங்கிய வருடம் பழைய தரையை உடைத்துவிட்டு இதைப் போட்டான். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு மீன் பிடிக்கப் போனான். கனம் போதாது என்று அன்றைக்கே சொன்னேன். இருபது வருடமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லி வருகிறேன்.

"அவனையே கேளேன்" என்கிறாள் மார்லிஸ்.

கேட்பதாவது.


செப்டம்பர் 28, சனி

துளை போட்டுப் பார்த்தேன்.

மூன்று அங்குலம்! அதுவும் இழுத்துப் பிடித்தால்!

மார்லிஸைக் கூப்பிட்டு, குனிய வைத்து, துளைக்குள் கம்பியை விட்டு, கம்பியில் நகத்தை வைத்துக் காட்டினேன். "பாத்தியா? இருபது வருஷமா நான் சொன்னது என்ன? சொன்னேனா இல்லையா?"

"சொன்னே, சொன்னே" என்றாள். "ரொம்ப சந்தோஷம். இப்ப லிஃப்ட்டை எது மேல நிறுத்தப் போறே, நீ சொன்னது மேலயா?"


அக்டோபர் 2, புதன்

ஆர்லோ வந்தான். மார்லிஸ் சொல்லித்தான் வந்திருக்கிறான். ஆனால் "இந்தப் பக்கம் வந்தேன்" என்றான். அவன் வீடு இந்தப் பக்கம் இல்லை.

துளை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் குனிந்து, விரலை விட்டு, எழுந்தான்.

"ஆமா மச்சான். மூணுதான் இருக்கு."

அவ்வளவுதான். மண் சரியில்லை, கலவை வண்டி தாமதம், எதுவும் சொல்லவில்லை. அவன் சொல்லப்போகும் சாக்கு ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இருபது வருடம் கூர் தீட்டி வைத்திருந்தேன். "ஆமா"வுக்கு ஒன்றும் தீட்டி வைக்கவில்லை. இப்படி ஒருத்தனோடு எப்படிச் சண்டை போடுவது?

"தூண் நிக்கிற ரெண்டு இடத்துல மட்டும் சதுரமா அறுத்து எடுத்துட்டு, ஒரு அடி ஆழம் தோண்டி, கம்பி கட்டிப் போட்டுத் தரேன். வரட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கு, உனக்குச் சிரமம்" என்றேன்.

"சிரமம் என்ன? சனிக்கிழமை சும்மாதான் இருக்கேன்."

"இல்ல இல்ல, நான் பாத்துக்கறேன்."

பியரைக் குடித்து முடித்தான். மார்லிஸிடம் விடைபெற்றான். கதவருகே ஒரு முறை, படியில் ஒரு முறை. வண்டியில் ஏறி, இயந்திரத்தை முடுக்கி, கண்ணாடியை இறக்கினான். "அப்ப சனிக்கிழமை வரட்டுமா?"

"உனக்கு வேற வேலை இல்லேன்னா வா."

இதுதான் முறை. முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாவது தடவை, முதல் தடவை கேட்டது மரியாதைக்கு மட்டும் இல்லை என்று காட்ட. மூன்றாவது தடவை கேட்டால்தான் மனதாரக் கேட்கிறான். அதற்கு முன்னால் சரி என்று சொல்கிறவன் அலைகிறவன். ஆர்லோ மீது எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் விஸ்கான்சினில் ஒழுங்காக வளர்க்கப்பட்டவன்.


அக்டோபர் 5, சனி

வேலைக்காக ராம்ப்ளரைத் தாங்கிகளிலிருந்து இறக்கி, வெளியே தார்ப்பாய் போர்த்தி நிறுத்த வேண்டியிருந்தது. ஆர்லோவும் மார்லிஸும் தள்ள, நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வெண்டல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"கை கொடுக்கட்டுமா?"

"வேண்டாம், பரவாயில்லை" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

சரி! நேராக வீட்டுக்குள் போய்க் கதவையும் சாத்திக்கொண்டான். நாங்கள் மூன்று பேரும் வண்டியைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உள்ள கையுறை எடுக்கப் போயிருப்பானோ?" என்றான் ஆர்லோ.

வரவில்லை.


அக்டோபர் 12, சனி

கான்கிரீட் போட்டாயிற்று. ஆழத்தை நான்கு மூலையிலும் நானே அளந்தேன். ஆர்லோ பவ்வியமாக டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். கேலி செய்கிறானா என்று தெரியவில்லை. நான்கு வாரம் காய வேண்டும்.


அக்டோபர் 19, சனி

லிஃப்ட் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வராது, லாரிக் கிடங்கில் போய் எடுக்க வேண்டும். ஆர்லோவின் டிரெய்லரில் ஏற்றி வந்தோம். இரண்டு தூண்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, இரும்புச் சவப்பெட்டிகள் மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு கொழுத்த கன்றுக்குட்டி கனம். உருளைகளின் மேல் உருட்டி உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஆர்லோவுக்கே மூச்சு வாங்கியது.

எதிர்வீட்டு வாசற்படியிலிருந்து வெண்டல்: "ஆள் வேணும்னா சொல்லுங்க!"

"இல்ல இல்ல, சமாளிச்சுக்குவோம்!"

"சரிங்க!"

இரண்டு.


நவம்பர் 6, புதன்

முதல் பனி. மார்லிஸ் சுரண்டினாள். இந்த வருடம் பாடிக்கொண்டே சுரண்டுகிறாள்.


நவம்பர் 16, சனி

ஒரு வாரமாகக் காய்ந்து தயாராக இருக்கிறது தரை. ஆர்லோவுக்கு இன்றுதான் ஒழிந்தது. சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, குறுக்கும் மறுக்கும் அளந்து, தூண் நிற்க வேண்டிய இடத்தைக் குறித்தோம். அதுவரை எல்லாம் நன்றாக நடந்தது. அளக்கிற வேலை எனக்கு வரும்.

தூக்குகிற வேலைதான். ஆர்லோ கொண்டுவந்த எஞ்சின் தூக்கும் கிரேன் தூணைப் பாதி வரை தூக்கியது. அதற்கு மேல் அதன் கை எட்டவில்லை. மீதியை ஆள்தான் தோளில் ஏந்தி நிமிர்த்த வேண்டும். இரண்டு பேர் ஏந்த, ஒருவர் அடித்தட்டு வழுக்காமல் மிதித்துக்கொள்ள. என் முதுகுக்கு மிதிக்கும் வேலைதான் கொடுத்துவைத்தது. ஏந்த ஒரு ஆள் குறைகிறது. மார்லிஸ் முன்வந்தாள். அவளுடைய தோள் அறுவை சிகிச்சைக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை, ஆர்லோ விடவில்லை.

ஆர்லோவின் ஆட்கள் எல்லாரும் காட்டுக் குடிசையைக் கூட்டிப் பெருக்கப் போய்விட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை தொடக்கம். ஊரில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன் ஒருவனும் இருக்க மாட்டான். ஆர்லோவே வியாழக்கிழமை கிளம்புகிறான். நன்றித் திருநாள் வான்கோழிக்குத்தான் திரும்புவான். ஆக, வியாழனுக்குள் தூண்கள் நிற்க வேண்டும். இல்லையென்றால் ராம்ப்ளர் போயிற்று.

எதிரே வெண்டல் இலை வாரிக்கொண்டிருந்தான். ஆறடிக்கு மேல் உயரம். வண்டி இழுக்கிற குதிரைக்கு இருக்கிற தோள். வேட்டைக்குப் போகாதவன்.

"கூப்பிடு மச்சான்" என்றான் ஆர்லோ.

"ரெண்டு தடவைதான் கேட்டிருக்கான். மூணாவது தடவை கேக்கட்டும்."

"அவன் எண்ணிக்கிட்டா இருக்கான்? சிகாகோல வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தம்."

"அது என்ன நாகரிகம்?"

"அது எனக்கு என்ன தெரியும்? ஆனா அவங்க வேலை சீக்கிரம் முடிஞ்சிடும்னு நினைக்கிறேன்."

தூணை மறுபடி படுக்க வைத்தோம்.


நவம்பர் 17, ஞாயிறு

காலையெல்லாம் யோசித்தேன். எழுதியே தீர வேண்டும்.

ஏழு வருடம் முன்பு பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபோது பள்ளிக் குழு என்னைத்தான் கூப்பிட்டது. முதுகலைப் பட்டம், இருபது வருட அனுபவம், வேறு யாரை? "இந்தப் பொறுப்பை நீங்க ஏத்துக்கணும்" என்றார் குழுத் தலைவர். நான் முறையாக, "என்னைவிடத் தகுதியானவங்க இருப்பாங்க" என்றேன். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். "நான் வகுப்பறையோடயே இருந்துக்கறேனே" என்றேன். வீட்டுக்கு வந்தேன். கோட்டு சூட்டை இஸ்திரிக்குக் கொடுத்தேன். மூன்றாவது அழைப்புக்குக் காத்திருந்தேன்.

அழைப்பு வரவில்லை. செய்தித்தாளில் வெண்டலின் படம் வந்தது.

குழுத் தலைவர் அரிசோனாவிலிருந்து வந்து குடியேறியவர். பாலைவனத்தில் என்ன முறையைக் கண்டார்? ஒரு மனிதன் இரண்டு தடவை வேண்டாம் என்றால் அது அவனுடைய வளர்ப்பு. அதை அப்படியே எடுத்துக்கொள்வது அநாகரிகம். இதை மார்லிஸிடம் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். "புரியுது புரியுது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். ஒரு தடவை மடிக்கிற துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.


நவம்பர் 18, திங்கள்

பள்ளியிலிருந்து வந்ததும் கேரேஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்தேன். விளக்கையும் போட்டேன். ஒரு தூணின் நுனியைப் பிடித்து, தூக்குகிற மாதிரி நின்று, சாலைக்குக் கேட்கும்படி முனகினேன். வெண்டல் நாயைக் கூட்டிக்கொண்டு போனான். கை ஆட்டினான். திரும்பி வரும்போது மறுபடி முனகினேன். மறுபடி கை ஆட்டினான். நாய்தான் நின்று பார்த்தது.

மார்லிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து: "இன்னும் கொஞ்சம் சத்தமா! பக்கத்துத் தெருவுல கேக்கல!"


நவம்பர் 19, செவ்வாய்

இன்றும் கேட்கவில்லை. பள்ளி நடைபாதையில் எதிரே வந்தான். "லிஃப்ட் வேலை எப்படிப் போகுது?" என்றான். இதோ, மூன்றாவது வரப்போகிறது. "போயிட்டிருக்கு" என்றேன், கொஞ்சம் இழுத்து, குரலில் ஒரு சோர்வு வைத்து.

"நல்லது" என்றான். போய்விட்டான்.

வீட்டில் மார்லிஸ் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். எதுக்கு என்றேன். "வெண்டல் கேரேஜ்ல ராம்ப்ளரைப் போத்தி வைக்க. தூசி படியக் கூடாதில்ல?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் விரிப்பு சரியான அளவு. என்ன செய்வது? ஏன் ஒருத்தனிடம் போய் ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — வாயில் வரமாட்டேன் என்கிறது? என் அப்பா அறுவடை இயந்திரம் மாட்டிக்கொண்டு நின்றபோதுகூட யாரையும் கூப்பிட்டதில்லை. மழை வந்து பயிரே போயிற்று. ஆனால் அவரை யாரும் அலைகிறவன் என்று சொன்னதில்லை.


நவம்பர் 20, புதன்

கேட்டேன்.

நான்கு மணிக்குச் சாலையைக் கடந்தேன். ஆர்லோ கேரேஜில் கிரேனோடு காத்துக்கொண்டிருந்தான். நாளைக் காலை கிளம்புகிறான். வெண்டல் கதவைத் திறந்தான். காற்றைப் பற்றிச் சொன்னேன். வடமேற்கிலிருந்து வருகிறது என்றேன். ஆமாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் எங்கள் பரம எதிரியான சிகாகோ அணியின் ரசிகன் என்பதால் அது சீக்கிரம் முடிந்தது. அவனுடைய நாயின் வயதைக் கேட்டேன். பனி வாரும் இயந்திரத்துக்கு என்ன எண்ணெய் விடுகிறான் என்று கேட்டேன். "சரி, அப்ப நான் கிளம்பறேன்" என்றேன். படியில் இறங்கினேன். மறுபடி ஏறினேன்.

"உள்ள வாங்களேன், குளிருது" என்றான்.

"வேண்டாம்" என்றேன்.

"சரி" என்று கதவைச் சாத்தப் போனான். கதவு கிட்டத்தட்ட சாத்தியே விட்டது. அந்த இடுக்கைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"தூண் தூக்க ஒரு ஆள் வேணும்."

"ஓ, வரேனே!" என்றான். கோட்டை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் சாலையைக் கடந்துவிட்டான். சிரமம் இல்லையா என்று கேட்கக்கூட இடம் தரவில்லை.

பளபளக்கும் பள்ளிக்கூடத்து பூட்ஸோடு வந்து நின்றவனைப் பார்த்து ஆர்லோ, "சார், கால் விரல்லாம் உங்களுக்கு வேணுமா, இல்ல ஒண்ணு ரெண்டு போனாப் பரவாயில்லையா?" என்றான்.

"பத்தும் வேணும்ப்பா."

"அப்ப நான் 'விடு'ன்னு சொன்னா விடுங்க. கான்ராட் 'விடு'ன்னு சொன்னா விடாதீங்க. அவன் மரியாதைக்குச் சொல்லுவான்."

முதல் தூணை ஆர்லோவும் வெண்டலும் தோளில் ஏந்தினார்கள். நான் அடித்தட்டை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டேன். வெண்டலின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கட்டத்தில் தூண் அவன் பக்கம் சாய்ந்தது. அவன் தோளைக் கொடுத்து நின்றான்; பின்வாங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது தூணும் நின்றது. தட்டிலிருந்த ஓட்டைகள் வழியாக ஆர்லோ தரையைத் துளைத்தான். தூசியை உறிஞ்சி எடுத்து, விரியும் போல்ட்டுகளைச் சுத்தியால் அடித்து இறக்கினோம். வெண்டல் தூணோடு ரசமட்டத்தைப் பிடித்தான். நான் அடியில் தகடு செருகிச் செருகிச் செங்குத்தாக்கினேன். பிறகு முறுக்குகிற வேலை. அதை நான்தான் செய்வேன் என்றேன்.

முறுக்கிக்கொண்டே, கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டேன். "இது நின்னுட்டா ராம்ப்ளர் உங்களுக்குக் கிடைக்காது. தெரியுமில்ல?"

"தெரியும். மார்லிஸ் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "கூப்பிட்டீங்களே."

ஆர்லோ தொண்டையைச் செருமினான். வெண்டல் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "உண்மையில, ஏழு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு. நான் வந்த புதுசுல குழுத் தலைவர் சொன்னாரு. இந்த வேலையை உங்களுக்குத்தான் கொடுக்கறதா இருந்தாங்களாம், ரெண்டு தடவை கேட்டும் நீங்க வகுப்பறையை விட மாட்டேன்னுட்டீங்களாம். எனக்கு அப்ப ரொம்ப நெருக்கடியான நேரம், வேலை இல்லாம எட்டு மாசம். நீங்க வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா... நன்றி சொல்லணும்னு பல தடவை நினைச்சேன். நீங்க என்னைப் பாத்தாலே கொஞ்சம் ஒதுங்குவீங்க. பெருந்தன்மையை யாரும் எடுத்துப் பேசறது உங்களுக்குப் பிடிக்காதுன்னு விட்டுட்டேன்."

ஆர்லோ வெளியே போனான். வண்டியில் ஏதோ எடுக்க வேண்டுமாம். வெகுநேரம் திரும்பி வரவில்லை. டிரெய்லருக்குப் பின்னாலிருந்து கழுதை கனைப்பது போல ஒரு சத்தம் வந்தது.

ஏழு வருடம். ஏழு வருடமாக அந்த மனிதனைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவன் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்! ஒரு வெறுப்பைக்கூட ஒழுங்காகப் போய்ச் சேர்க்க முடியாத ஆளாகிவிட்டேன்.

"பரவாயில்லை" என்றேன். அடுத்த போல்ட்டை முறுக்கினேன். கையேடு சொன்னதைவிட அதிகமாகவே முறுக்கிவிட்டேன் போலிருக்கிறது.


நவம்பர் 21, வியாழன்

ஆர்லோ காட்டுக்குப் போகும் வழியில் தொலைபேசினான். "மச்சான், பெருந்தன்மை இருக்காரா?" என்றான். வைத்துவிட்டேன்.


நவம்பர் 24, ஞாயிறு

எண்ணெய் ஊற்றி, மேல் உத்தரம் மாட்டி, கம்பிவடங்களைச் சமப்படுத்தி, முதலில் லிஃப்டின் வெறும் கைகளை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பிறகு ராம்ப்ளர். ஊரில் ஆம்பளை வாசனையே இல்லை, எல்லாரும் காட்டில். மார்லிஸ் என்னைக் கேட்காமலேயே வாசலில் நின்று, "வெண்டல்! தள்ளணும்!" என்று கத்தினாள். இவ்வளவு சுலபமாகவா?

நான்கு கைகளின் நுனிகளையும் வண்டியின் சட்டத்துக்கு அடியில் பொருத்தினேன். பொத்தானை அழுத்தினேன். ஒரு சாண் எழுந்ததும் நிறுத்தி, ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு மேலே. பூட்டுகள் டக், டக், டக் என்று விழுந்துகொண்டே வந்தன. என் முழங்கால், என் இடுப்பு, என் தலை, அதற்கும் மேலே. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த வண்டியின் வயிற்றை நிமிர்ந்து நின்று பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

மார்லிஸ் தன் வண்டியை உள்ளே ஓட்டி வந்து அடியில் நிறுத்தினாள். ஹாரனை ஒரு தடவை அடித்தாள்.

வெண்டல் மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். "எங்கப்பா வண்டி இதே பச்சை" என்றான். பிறகு வீட்டுக்குப் போனான். காபி சாப்பிடுகிறாயா என்று ஒரு தடவை கேட்டிருந்தால்கூட வந்திருப்பான். நான் கேட்கவில்லை. மூன்று தடவை கேட்க வேண்டிவருமே என்று சோம்பல். அவனிடம் ஒரு தடவை போதும் என்பது அவன் கதவு சாத்திய பிறகுதான் உறைத்தது.


நவம்பர் 28, வியாழன்

நன்றித் திருநாள். மார்லிஸ் மேசை முன்னால் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். தன் கண்ணாடியில் பனி இல்லாததற்குத் தனியாக. மானோடு திரும்பிய ஆர்லோவுக்குக் கூடக் கொஞ்சம் வான்கோழி போட்டேன். அவன் இரண்டு தடவை வேண்டாம் என்றான்.


டிசம்பர் 8, ஞாயிறு

கிளட்ச் முடிந்தது. கியர்பாக்ஸ் ஏறியது. ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. டாக்டருக்குச் சொல்ல வேண்டும். சரித்திர ஆசிரியருக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டால் இப்போது மேலே கையைக் காட்டுவேன்.

ஓட்டத்தான் முடியாது. சாலை முழுக்கப் பனி உருகத் தூவிய உப்பு. அந்த உப்பில் இறக்கினால் வசந்தத்துக்குள் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டைக் கோலமாகிவிடும். ஏப்ரல் வரை மேலேயே இருக்கட்டும்.


டிசம்பர் 13, வெள்ளி

மாலையில் வெண்டல் வந்தான். உப்பில் அரித்து அவன் வண்டியின் பிரேக் குழாய் ஒழுகுகிறது. பட்டறையில் புது வருடத்துக்குப் பிறகுதான் இடமாம்.

"உங்க லிஃப்ட்ல ஏத்திப் பாக்கலாமா?"

கேட்டுவிட்டான். காற்றைப் பற்றி ஒன்றும் இல்லை, நாயைப் பற்றி ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து, நேராக.

"ஏத்தலாம்" என்றேன். அதுவும் முதல் தடவையிலேயே வந்துவிட்டது.


டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று எழுத நேரமில்லை.

வெண்டலின் வண்டி லிஃப்டில். குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும், சாமான் வரப் பத்து நாள். பிரேக் எண்ணெய் சொட்டுவதால் அடியில் எதையும் நிறுத்த முடியாது. மார்லிஸின் வண்டி மறுபடி வெளியே. "ஐஸை நீதான் சுரண்டணும்" என்றாள். இன்று காலை சுரண்டினேன். மெதுவாக, சத்தமில்லாமல். ஜன்னலைத் திறந்து, "சரியா சுரண்டு, எனக்கு இன்னும் தூக்கம் கலையல" என்கிறாள்.

ராம்ப்ளரை எங்கே வைப்பது? ஒன்றரை மாதம் தார்ப்பாய்க்கு அடியில் வெளியே நின்றது போதும், இந்தக் குளிரில் முடியாது. உலர்ந்த தரை உள்ள காலி கேரேஜ் இந்தத் தெருவில் ஒன்றுதான்.

நேற்று காலை உப்பு வண்டி வருவதற்கு முன்னால், புதுப்பனி விழுந்து மூடியிருக்கும்போதே ஓட்டிப் போய்விட்டேன். மார்லிஸ் பக்கத்து இருக்கையில் உட்காருவேன் என்று அடம் பிடித்தாள், மடியில் படுக்கை விரிப்போடு. கிளட்ச் வெண்ணெய் மாதிரி. ஆறு வருடத்துக்குப் பிறகு என் வண்டியின் முதல் பயணம்: எதிர்வீடு வரை. வெண்டல் தன் கேரேஜைப் பெருக்கி வைத்திருந்தான்.

"சொன்னேனா இல்லையா, நன்றித் திருநாளுக்கு மேல தாங்காது, அது வெண்டல் வீட்டுக்குத்தான் போகும்னு" என்றாள் மார்லிஸ், இறங்கும்போது.

சாவியை என் பையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தேன்.

இன்று மதியம் வெண்டல் தொலைபேசினான். ராம்ப்ளரில் உட்கார்ந்து அதன் ரேடியோவில் ஆட்டம் கேட்கலாமா என்றான். அவனுடைய அப்பாவும் அவனும் அப்படித்தான் கேட்பார்களாம். இன்றைக்கு எங்கள் அணிக்கும் சிகாகோவுக்கும்.

"வேண்டாம்" என்றேன். பழக்கம்.

"சரி" என்று வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்காது. எனக்குத் தெரியும், அது அடிக்கவே அடிக்காது. நானே கூப்பிட்டேன்.

"சாவி எடுத்துட்டு வரேன்" என்றேன். "ஆனா உங்க ஊர் வர்ணனையை வைக்காதே. எங்க ஊர் வர்ணனைதான்."

"சரி, சீக்கிரம் வா" என்றான்.

கேரேஜ் கதவு திறக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. மார்லிஸ் சோளப்பொரியை இரண்டு கிண்ணத்தில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மீதியைத் திரும்பி வந்து எழுதுகிறேன், ஆட்டம் தொடங்கிவிடும்.